பென்சில் வரிகளை அழித்தவள்

அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது. மே மாதமாக இருந்தாலும் கூடாது. போட்டால் பக்கங்கள் படபடக்கும், தூசி கிளம்பும், படம் கலங்கிவிடும். கள்ளிக்குப்பத்தில் ஒரு படிப்பகத்தின் மாடியில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறை அது. காலை பத்து மணிக்கு உள்ளே போய்ப் பதினொன்றரைக்கு டீ குடிக்க வெளியே வந்தால், ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்கும்போது எதிர்வீட்டு முருங்கைமரம் லேசாக ஆடும். அந்தக் காற்று இப்போதும் சில நாட்கள் நினைவுக்கு வருகிறது. ஏறக்குறைய இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தேன். வேலைக்குப் போகிறோமே என்று அலுப்பில்லாமல் காலையில் எழுந்த காலம் அது ஒன்றுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை, எங்கள் பேச்சில் எஸ்டேட், புதிதாக வந்த காலத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆட்கள் சேர்ந்து ஆரம்பித்த படிப்பகம் அது. கீழே செய்தித்தாள் படிக்க இரண்டு பெஞ்சு. மாடியில், ஷிப்டு முடிந்து வருகிறவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வகுப்பு. அந்த வகுப்பு எப்போதோ நின்றுவிட்டது. அதில் படித்தவர்களின் புத்தகங்கள் மட்டும் இரண்டு இரும்பு பீரோக்களில் அப்படியே கிடந்தன. மழையில் கூரை ஒழுகியபோதுதான் செயலாளர் பீரோவைத் திறந்தாராம். செயலாளர் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அரிச்சுவடி, கணக்கு, சின்னக் கதைப் புத்தகம் என்று எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஓரங்களில் பென்சிலால் என்னென்னவோ எழுதியிருந்தது. படிப்பகத்துக்கு வந்துபோகிற கல்லூரி ஆசிரியை ஒருவர் சில பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து ஒரு வெளிநாட்டு நூலகத்துக்கு அனுப்பினார். நம்மைப் போன்ற நாடுகளில் கெட்டுப்போகும் நிலையில் இருக்கிற பழைய தாள்களைக் காப்பாற்ற உதவி செய்கிற நூலகம் அது. புத்தகங்கள் இங்கேயே இருக்கும், படங்கள் மட்டும் அங்கே போகும், இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்று ஏற்பாடு. கூரையை மாற்றவும், கீழே பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தவும் அவர்களே உதவினார்கள்.

நான் திருமுல்லைவாயிலிலிருந்து வந்தேன். பத்தாவது வரை படிப்பு. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் அட்டைப்பெட்டி மடித்து ஒட்டினேன். அது மூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் இந்த வேலைக்குப் போனேன். மேடம், அதாவது அந்தக் கல்லூரி ஆசிரியை, என்னை ஒரு பக்கம் படிக்கச் சொன்னார். கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார். பிறகு என்னென்னவோ கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உங்களுக்குப் பேச்சே வராதா?" என்றார்.

"இந்த வேலைக்குப் பேசணுமா மேடம்?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாளையிலிருந்து வரச் சொன்னார்.

பேசுவதற்கு அங்கே வேறொரு ஆள் இருந்தார். கேமரா பிடிக்கிற தம்பி. ஆவடியில் கல்யாண ஸ்டூடியோவில் இருந்ததை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். முதல் நாளே, "யக்கா, கல்யாணத்துல ஆயிரம் பேரு நடுவுல நின்னு 'கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க'ன்னு கத்தினவன் நானு. இங்க புஸ்தகத்தப் பாத்து இன்னான்னு சொல்றது?" என்றார். அதற்கும் நான் சிரித்தேனே தவிர பதில் சொல்லவில்லை.

வேலை இப்படித்தான். காலையில் நான் பீரோவிலிருந்து அன்றைக்கு எடுக்க வேண்டிய புத்தகங்களை எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்துச் சுத்தம் செய்வேன். அந்த நேரத்தில் தம்பி கீழே உட்கார்ந்து முந்தின நாள் படங்களைச் சரிபார்ப்பார். டீக்குப் பிறகு கேமராவுக்குக் கீழே வைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பிடிப்பேன். தம்பி எடுப்பார். கையுறை தருவார்கள் என்று நினைத்திருந்தேன். வேண்டாம், கையுறை போட்டால் தாள் கிழிவது தெரியாது, சோப்புப் போட்டுக் கழுவின வெறுங்கையே நல்லது என்று மேடம் சொல்லிக்கொடுத்தார். கையில் பவுடர் கூடாது, மருதாணி காயாமல் வரக் கூடாது. பேனா அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது, பென்சில் மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் கேமரா, விளக்குகள், மெத்தென்ற தூரிகைகள் எல்லாம் இருந்தன. கூடவே வெள்ளை வெளேரென்று நான்கு ரப்பர்களும் இருந்தன. தொட்டால் வெண்ணெய் மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல ரப்பரை நான் பார்த்ததில்லை. "தூசியைத் தட்டி, அழுக்கை எடுத்துட்டு, அப்புறம் கேமராவுக்குக் குடுங்க" என்று மேடம் சொன்னார்.

இந்த இடத்தில் என் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் புதுப் புத்தகம் வாங்குவது கிடையாது. மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளையிடம் பாதி விலைக்கு வாங்குவோம். மே மாதக் கடைசியில் ஒருநாள் அம்மா எங்களை உட்காரவைப்பாள். போன வருடக்காரர்கள் பென்சிலால் எழுதின விடை, கோடு, போட்டுவைத்த மீசை எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். "அடுத்தவங்க எழுதினது எச்சி மாதிரி. அத்தோட ஸ்கூலுக்குப் போவக் கூடாது" என்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அழித்த பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இங்க இன்னும் கீது பாரு" என்று காட்டுவாள். சுத்தமான பிறகுதான் பழுப்பு அட்டை போடுவோம். என் பிள்ளைகளுக்கும் நான் அதையேதான் செய்தேன்.

அதனால் அந்த ரப்பர் எதற்கு வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. புத்தகங்களை வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கப் போகிறார்கள். ஓரங்களிலெல்லாம் கிறுக்கல். நம் மானம் போகுமே என்று நினைத்தேன். மேசையில் குனிந்து உட்கார்ந்து, தாள் கசங்காமல், ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்து அழித்தேன். ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. பேனாவால் எழுதியதை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதற்காக வருத்தப்பட்டேன். ரப்பர் தூளைத் தூரிகையால் கூட்டி ஒரு தாளில் மடித்துக் குப்பையில் போடுவேன். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்துவிடுவேன். அழுத்தி எழுதியிருக்கிறார்களா, லேசாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தால்தானே அதற்குத் தகுந்தபடி தேய்க்க முடியும்? அதோடு, படிக்க நன்றாகவும் இருந்தது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. தம்பி கையில் புத்தகம் வரும்போது எல்லாம் வெள்ளையாக இருக்கும். "யக்கா, அந்தக் காலத்து ஆளுங்க புஸ்தகத்த இன்னா பத்தரமா வெச்சிகினு இருந்தாங்க பாரேன்!" என்று ஒருநாள் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அந்த நூலகத்திலிருந்து ஓர் அம்மா வருவதாகச் செய்தி வந்தது. முதலில் அனுப்பிய படங்களைப் பார்த்தார்களாம், ஒரு விஷயம் நேரில் பேச வேண்டுமாம்.

அறுபது வயதிருக்கும். பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மேலே ஏறி வந்தார். தமிழ் படித்தவர். "வணக்கம். தங்கள் அனைவரையும் சந்திப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்" என்றார்.

தம்பி என் காதில், "யக்கா, ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுதுக்கா" என்றார். சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சிரித்தது அவ்வளவுதான்.

அறையில் ஐந்து பேர் இருந்தோம். வெளிநாட்டு அம்மா, மேடம், செயலாளர், தம்பி, நான். அந்த அம்மா இரண்டு படங்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, ஆரம்பத்தில் மேடம் கைபேசியில் எடுத்தது. அரிச்சுவடியின் ஒரு பக்கம், ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. இன்னொன்று, அதே பக்கத்தை நாங்கள் பெரிய கேமராவில் எடுத்தது. ஓரம் வெறும் தாளாக இருந்தது.

"இந்தப் புத்தகம் பல நூலகங்களில் இருக்கிறது. அச்சடித்த பகுதிக்காக நாங்கள் உதவவில்லை. வேலை செய்து களைத்து வந்த மனிதர்கள் எழுதக் கற்றுக்கொண்டபோது எழுதியது, இதோ, இந்த ஓரத்தில் இருந்ததுதான் எங்களுக்கு வேண்டியது. அது எங்கே போயிற்று?" என்று அந்த அம்மா நிதானமாகக் கேட்டார்.

நான் ஜன்னலோர மேசையின் இழுப்பறையைப் பார்த்தேன்.

மேடம் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "லைட்டை அதிகமா வெச்சிருக்காரு. அதுல பென்சில் எல்லாம் வெளுத்துப்போச்சு" என்றார்.

"இன்னா மேடம் சொல்றீங்க?" என்று தம்பி எழுந்தார். "அச்செழுத்து கருப்பா கீது, பென்சிலு மட்டும் வெளுக்குமா? இம்மாம் நாளு அந்த லைட்டு கீழ நின்னுகினு கீறேன், நான் வெளுத்துட்டனா?"

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர், "நைனா, சும்மா இரு. பெரியவங்க பேசுறாங்க" என்றார். மேடம் ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் ஏதோ பேசினார். பிறகு தமிழில், வேறு நல்ல கேமராக்காரரைப் பார்க்கலாம், எடுத்த எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும் என்றார். ஸ்டூடியோவில் தன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று தம்பி அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தார். விளக்கின் ஸ்விட்சைத் தட்டுவதும் அணைப்பதுமாக நின்றார்.

பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் கை தூக்காதவள் நான். கம்பெனியில் பதினோரு வருடத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு என் குரலை நானே யாருடையதோ மாதிரி கேட்டேன்.

"லைட்டு இல்லைங்க. நான்தான் அழிச்சேன்."

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. செயலாளர், "இன்னாம்மா சொல்ற?" என்றார்.

ஜன்னலோர மேசை இழுப்பறையைத் திறந்தேன். நான்கு ரப்பர்களில் இரண்டு தீர்ந்திருந்தன. மூன்றாவது புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதை எடுத்துக் கொண்டுவந்து அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதால அழிச்சேன். எல்லாப் புத்தகத்துலயும்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கடவுளே, அழுக்கை எடுக்கச் சொன்னா..." என்றார். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரப்பரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் அழித்தீர்கள்?" என்றார்.

"வெளிநாட்டுக்குப் போறதாச்சே. கிறுக்கலோட குடுத்தா நல்லா இருக்காதுன்னு..."

அவர் ரப்பரைக் கீழே வைத்தார். பிறகு, "அழிப்பதற்கு முன் படித்தீர்களா?" என்றார்.

"படிச்சேன். படிக்காம எப்படிம்மா அழிக்கிறது?"

"நினைவில் இருக்கிறதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன். அந்த அரிச்சுவடியின் ஓரத்தில், 'இன்று மழை. வகுப்பில் நாலு பேர். சார் நனைந்து வந்தார்' என்று இருந்தது. கைபேசிப் படத்தில் எழுத்து தலைகீழாக எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. அதைப் பார்க்காமலேதான் சொன்னேன். அந்த அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார்.

அப்போதுதான் தம்பி, "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று கல்யாண வீட்டில் கத்துகிற மாதிரி கத்தினார். அந்த அரிச்சுவடியை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு விளக்கை அணைத்தார். மற்றதைக் கம்பத்திலிருந்து கழற்றி, மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தாற்போல் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து காட்டினார். "பட்டுப்பொடவையில ஜரிகை தெரியணும்னா இப்டித்தான் வெப்போம்" என்றார்.

வெறும் தாளாக இருந்த ஓரத்தில் பள்ளம் பள்ளமாக நிழல் விழுந்தது. எழுதிப் பழகாத கை அழுத்தித்தான் எழுதும். பென்சிலின் கறுப்பைத்தான் நான் எடுத்திருந்தேன். அவர்கள் அழுத்தின அழுத்தம் தாளிலேயே இருந்தது. 'மழை' என்று மெல்ல மெல்லத் தெரிந்தது.

"யக்கா, படி" என்றார் தம்பி.

எங்கள் இருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. எடுத்த புத்தகங்களை எல்லாம் இந்தப் பக்க வெளிச்சத்தில் மறுபடி எடுக்க வேண்டும், நான் படித்துச் சொல்வதை மேடம் குறித்துக்கொள்ள வேண்டும், பள்ளமும் தெரியாத இடத்தில் எனக்கு நினைவிருப்பதை எழுதி, 'அழித்தவர் நினைவிலிருந்து' என்று குறிப்புப் போட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது, தெரிந்ததை விடவும் கூடாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். மீதி இருந்த ரப்பரைத் தம்பி பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் நான் படியேறும்போது, "பையக் காட்டுக்கா, செக்கிங்" என்பார்.

நான் அதிகம் நினைத்துக்கொள்வது அந்த நாட்களைத்தான். அறை முழுக்க இருட்டாக இருக்கும். ஒரே ஒரு விளக்கு, அதுவும் மேசையோடு கிடக்கும். நான் குனிந்து படிப்பேன். அவ்வளவு சத்தமாக நான் எதையும் படித்ததில்லை. ஒருவர் 'ஞ' எழுத்துக்குப் பக்கத்தில் பல்சக்கரம் வரைந்து, 'இதைவிட அது சுலபம்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'தூங்கவில்லை' என்று எழுதியிருந்தார், ஏழாவது பாடத்தில் மட்டும் 'தூங்கினேன்'. ஒரு பக்கத்தில் தன் பெயரை மேலிருந்து கீழ் வரை எழுதியிருந்தார் ஒருவர். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் ஒரே ஆள் எழுதினதென்று சொல்ல முடியாது. தம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பார். "இவரு நம்ம ஜாதிக்கா, ஏழாவது பாடத்துல நானும்தான் தூங்கினேன்" என்பார். செயலாளர் சில நாள் மேலே வந்து நிற்பார். சில வரிகளைக் கேட்டதும், "அட, இது அவன்டா. காலமாயிட்டான், பாவம்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போவார். கீழே மாலை வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் தரை வழியாகக் கேட்கும்.

முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது. கிடைக்காததில் பலதை நினைவிலிருந்து சொன்னேன். சிலது போனது போனதுதான். அந்தக் கணக்கு என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு கதைப் புத்தகம் மட்டும் தொல்லை கொடுத்தது. அதன் நடுப்பக்கத்தில், படத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் ஒருவர் லேசான கையால், முனை மழுங்கிய பென்சிலால் எழுதியிருந்தார். பள்ளமே விழவில்லை. விளக்கை எப்படி வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நினைவிருந்தது. ஆனால் நீளமாக இருந்ததால் சொல் மாறியிருக்குமோ என்று பயமாக இருந்தது. உள் அட்டையில் பேனாவால் எழுதின பெயர் இருந்தது. செயலாளர் பார்த்துவிட்டு, "இவன் நல்லாத்தான் கீறான். சேக்காட்டுல ஊடு. போய்க் கேளுங்க, எழுதினவனே சொல்லட்டும்" என்றார். சேக்காடு என்று எழுதுகிறேன். உண்மையில் சேக்காடு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தம்பியும் போனோம். புத்தகம் வெளியே போகக் கூடாது என்பதால் பக்கங்களின் படங்களை எடுத்துக்கொண்டோம். கதவைத் திறந்த அம்மா, அவருடைய மனைவி, வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"படிப்பகத்துல இருந்தா? வாங்க வாங்க. ஏங்க, உங்களப் பாக்க ஆளு வந்துகீது! பழைய புஸ்தகமா? இவரு அந்தக் காலத்துல எட்டாவது படிச்சவரும்மா. அங்க மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் போவாரு. நான் அம்மா ஊட்டுல மொத பிரசவத்துக்கு இருந்தப்ப வாரம் ஒரு லெட்டர் போடுவேன். பதிலே போட மாட்டாரு. நேரமில்லையாம், பெரிய கலெக்டரு!"

பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். மெலிந்த, உயரமான ஆள். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே எங்களை உட்காரச் சொன்னார். தம்பி பையிலிருந்து படங்களை எடுத்து மேசையில் வைத்ததும் அவர் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது.

தம்பியின் தோளில் கேமராவைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "நைனா, எங்க பேத்திய ஒரு போட்டோ புடிச்சிக் குடேன். புதுப் பாவாட கட்டிகினு பின்னால வெளையாடுது" என்றார். தம்பிக்குக் கேட்கவா வேண்டும். எழுந்து அவர் பின்னால் போனார். "கொஞ்சம் சிரி கண்ணு" என்று கொல்லைப்புறத்தில் அவர் குரல் கேட்டது.

பெரியவர் படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். வெற்றிடத்தை விரலால் தொட்டார்.

"இங்க எழுதியிருந்தேன்" என்றார்.

"நான்தாங்க தெரியாம அழிச்சிட்டேன். நீங்க சொன்னீங்கன்னா மறுபடி எழுதி வெச்சிடலாம்."

"அழிக்கறப்ப நீ படிச்சியா?"

"படிச்சேங்க."

"பூராவுமா?"

"பூராவும்."

அவர் கொல்லைப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப உனக்குத் தெரியும். நான் எட்டாவதும் இல்ல, ஒண்ணாவதும் இல்லம்மா. கல்யாணத்தப்ப எங்க வூட்டுல பொய் சொல்லிட்டாங்க. அவ லெட்டர் போடுவா. மெஷின்ல என்கூட நின்னவன் ஒருத்தன், சாப்பாட்டு டைம்ல அத்தப் படிச்சிக் காட்டுவான். புருசன் பொண்டாட்டி எழுதிக்கிறத இன்னொருத்தன் படிக்கிறான், நான் தலையத் தொங்கப் போட்டுகினு கேக்குறேன். அதுக்குத்தான் அந்த வகுப்புக்குப் போனேன். இதுதான் அவளுக்கு நானா எழுதிப் பாத்த மொதக் கடுதாசி. போஸ்ட் பண்றதுக்குள்ள அவ கொழந்தயத் தூக்கிகினு வந்துட்டா." படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அவ இன்னிக்கும் அந்த லெட்டருங்கள நான்தான் படிச்சேன்னு நெனச்சிகினு கீறா. நாப்பது வருசம் தாண்டிப்போச்சு. அவன் படிச்சான்னு தெரிஞ்சா மூஞ்சிய எங்க வெச்சிக்குவா?"

இணையத்தில் வந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர் பெண்ணோ பேத்தியோ கைபேசியில் பார்த்து வீட்டில் படித்துக் காட்டலாம்.

"நீ அழிச்சது நல்லதாப் போச்சு. அப்டியே உட்டுடும்மா" என்றார்.

தம்பியும் அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அந்த அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். "இன்னா, ஞாபகம் வந்துச்சா கலெக்டருக்கு?" என்றார்.

"எங்க வருது? வயசாச்சு" என்றார் பெரியவர். நான் டீயைச் சூடாக ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு இரண்டு நாள் எரிந்தது.

திங்கட்கிழமை மேடம் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதைப் புத்தகம், நடுப்பக்கம். எழுதியவருக்கு நினைவில்லை என்று தம்பி சொன்னார். மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

தெரிந்ததை விடக் கூடாது என்று அந்த வெளிநாட்டு அம்மா என்னிடம் சொன்னது காதிலேயே இருந்தது. எல்லார் முன்னாலும் நான் உண்மையைச் சொன்னதால்தான் அந்த அறையில் இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. என் நினைவை நம்பி எத்தனையோ பக்கங்களுக்குக் குறிப்பு எழுதியிருந்தார்கள்.

"நினைவில்லை மேடம்" என்றேன்.

மேடம் எழுதிக்கொண்டார். தம்பி விளக்கைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்று மழை பெய்ததையும் நாலு பேர் வந்ததையும் பார்க்காமல் சொன்னவள் நான் என்று அவருக்குத் தெரியும். ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கேமராவின் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் நடுவே அவர் பேசாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் கட்ட உதவியும் வந்தது, வேலையும் முடிந்தது. தம்பி இப்போது ஆவடியில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். படிப்பகத்தில் பிள்ளைகள் வகுப்பு நடக்கிறது. படங்கள் இணையத்தில் இருக்கின்றன. என் மகள்தான் கைபேசியில் தேடிக் காட்டினாள். மழை இருக்கிறது, பல்சக்கரம் இருக்கிறது, தூங்கினவர் இருக்கிறார். கதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் படத்துக்குக் கீழே பழுப்புத் தாள் மட்டும் இருக்கிறது. பக்கத்துக் குறிப்பில், 'பென்சில் குறிப்பு இருந்தது. அழித்தவருக்கு நினைவில்லை' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறார்கள்.

பெரியவர் இப்போது இல்லை. அந்த அம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதனால் அந்தக் கடிதத்தை நான் இங்கேயும் எழுதவில்லை. ஒன்பது வரி இருந்தது. முதல் வரிகளில் எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. கடைசி வரிக்கு வரும்போது நேராகிவிட்டிருந்தது.